படுக்கையிலும் பணி மறவாதவர்
கடற்படை வீரர் ஜிம்மி கார்ட்டர் நினைவுரை

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருளைக் கேட்டு உங்களுட் சிலர் வியப்படைந்திருக்கக்கூடும். "ஐயா, நம் மக்களின் கல்விக்காக அமைந்த சங்கத்தில், அமெரிக்க நாட்டின் குடியரசுத் தலைவராயிருந்த வெள்ளைக்காரரைப் பற்றி எதற்காகப் பேசுகிறீர்கள்?" என்று ஒரு தம்பி வாயிலிலேயே எம்மை நிறுத்திக் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்கு விடை கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

பதவியில் இருந்தவர் என்பதற்காக ஜிம்மி கார்ட்டர் அவர்களை நாம் நினைவுகூரவில்லை. பதவியில் இருந்தோர் பலர். அவர்களையெல்லாம் நினைவுகூர நமக்கு நேரமில்லை. அவர் இளமையில் கடற்படை வீரர். முதுமையில் நெடுநாள் நோயாளி. இவ்விரண்டுக்கும் இடையில், நம்மைப்போல ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஒரு கிராமத்திலே, ஒதுக்கியவர்களின் பக்கத்தில் பிறந்து, அது தவறென்று உணர்ந்தவர். இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது நமக்குக் கிடைக்கும் பாடம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும் முன் நம் மலையிலிருந்தே தொடங்குவோம்.

மலையும் கடலும்

நீலகிரியில் கடல் இல்லை. ஆயினும் வெள்ளைச் சீருடை அணிந்த கடற்படை அதிகாரிகளைக் குன்னூர்க் கடைவீதியில் நம் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். வெலிங்டனில் முப்படை அதிகாரிகள் பயிலும் கல்லூரி 1947 முதல் நடந்து வருகிறது. மதராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையமும் அங்கேயே உள்ளது. ஆகவே படைவீரர் என்ற சொல் நமக்குப் புதிதன்று. நம் வீடுகளிலிருந்தும் படையில் சேர்ந்து, பணி முடித்து, பெட்டியைத் தோளில் சுமந்துகொண்டு மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறித் திரும்பியவர்கள் உண்டு.

அவ்வாறு திரும்பி வந்தவரை முதலாண்டில் ஊரே சூழ்ந்து நிற்கும். கப்பலைப் பற்றியும் அயல்நாட்டுத் துறைமுகங்களைப் பற்றியும் கேட்டுக் கேட்டு மகிழும். பின்னர் அவருக்கு முதுமை வரும். சர்க்கரை நோயோ, மூச்சிரைப்போ, பக்கவாதமோ வரும். அப்போது அவர் திண்ணையிலிருந்து உள்ளறைக்கும், உள்ளறையிலிருந்து கட்டிலுக்கும் போய்விடுவார். "பெரியவர் எப்படி இருக்கிறார்?" என்று கேட்டால், "இருக்கிறார்" என்பதே விடையாகும். அந்த ஒரு சொல்லில் அவருடைய எஞ்சிய வாழ்வு முழுவதையும் அடைத்துவிடுகிறோம். படைவீரருக்கு மட்டுமன்று, தோட்டத்தில் கொழுந்து பறித்து முதுகு வளைந்த தாய்மார்களுக்கும் இதே கதிதான். இது சரியா என்பதை எண்ணிப் பார்க்கவே கார்ட்டரின் வாழ்வை உங்கள் முன் வைக்கிறோம்.

வாயிற்கதவைத் திறந்துவிட்ட நண்பர்கள்

ஜேம்ஸ் ஏர்ல் கார்ட்டர் 1924-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள ஜார்ஜியா மாநிலத்தில், பிளெய்ன்ஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது அதனையடுத்த ஆர்ச்சரி என்னும் குக்கிராமம். தந்தைக்கு நிலக்கடலையும் பருத்தியும் விளையும் நிலம் இருந்தது. வீட்டில் மின்விளக்கு இல்லை. குழாய்த் தண்ணீர் இல்லை. சுற்றியிருந்த குடும்பங்களில் பெரும்பாலானவை கறுப்பின மக்களின் குடும்பங்கள். கார்ட்டரின் விளையாட்டுத் தோழர்கள் அக்குடும்பத்துப் பிள்ளைகளே. அவர்களோடு மீன் பிடித்தார். அவர்களோடு வயலில் உழைத்தார். அவர்கள் வீட்டிலே உண்டார், உறங்கினார். ஆயினும் பள்ளி வேறு, கோயில் வேறு, இரயில் பெட்டியில் இருக்கை வேறு. அவருடைய தந்தை அந்தப் பிரிவினையை இயற்கை நியதி என்றே நம்பியவர். தாயார் லில்லியன் அம்மையார் செவிலியர். அவர் மட்டும் கறுப்பின அண்டைவீட்டாரின் நோய்க்கு வேறுபாடு பாராமல் மருந்து கொடுத்து வந்தார்.

கார்ட்டருக்கு ஏறத்தாழப் பதினான்கு வயதானபோது நடந்த ஒரு நிகழ்ச்சியை அவரே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஒருநாள் இரண்டு கறுப்பினத் தோழர்களோடு மேய்ச்சல் நிலத்தின் வாயிலை அடைகிறார். தோழர்கள் கதவைத் திறக்கிறார்கள். திறந்துவிட்டு, தாங்கள் முதலில் போகாமல், ஒதுங்கி நின்று அவரை முன்னே போகவிடுகிறார்கள். காலில் தட்டிவிடக் கயிறு ஏதேனும் கட்டி விளையாடுகிறார்களோ என்று அவர் நினைத்தார். கயிறு எதுவும் இல்லை. அன்றுவரை சமமாக இருந்தவர்களுக்கு, வயது வந்துவிட்டதால் இனி வெள்ளைப் பையனுக்கு வழிவிட வேண்டும் என்று வீட்டார் சொல்லியிருக்கவேண்டும் என்பது அவருக்குப் பின்னர்தான் விளங்கியது.

அன்பர்களே! ஒதுங்கி நின்றவர்களின் உள்ளத்தை நாம் அறிவோம். அது நம் தந்தையரும் பாட்டனாரும் நின்ற இடம். பண்ணையார் வீட்டுப் பிள்ளையோடு கோலி விளையாடிய சிறுவன், மீசை அரும்பியதும் "சின்ன ஐயா" என்று அழைக்கப் பழக்கப்பட்டான். அந்த நாளை நம்மவர் யாரும் மறக்கவில்லை. வழிவிடப்பட்டவனும் அதை மறவாமல் எழுதிவைத்தான் என்பதுதான் இங்கே அரிய செய்தி.

கப்பலில் கற்ற ஒழுங்கு

1943-இல் கார்ட்டர் அன்னபொலிஸ் நகரிலுள்ள கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, 1946-இல் தேர்ச்சி பெற்றார். அதே ஆண்டு ரோசலின் அம்மையாரை மணந்தார். அவர் மூத்த மாணவராயிருந்தபோது, வெஸ்லி பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் அங்கே வந்து சேர்ந்தார். அவருக்கு முன் அக்கல்லூரியில் சேர்ந்த கறுப்பின மாணவர் எவரும் பட்டம் பெற்று வெளியேற முடியவில்லை. பிரவுனும் இழிவுபடுத்தப்பட்டார். அவ்வேளையில் ஆதரவாக நின்ற மூத்த மாணவர்களுள், அவரோடு ஓட்டப் பந்தய அணியில் இருந்த கார்ட்டரும் ஒருவர். பிரவுன் 1949-இல் பட்டம் பெற்று, அக்கல்லூரி வரலாற்றிலேயே தேர்ச்சியுற்ற முதல் கறுப்பினத்தவரானார். முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் நம் பிள்ளைகளுக்கு இச்செய்தியின் அருமையை நாம் விளக்க வேண்டியதில்லை. தோளில் கை போட்டு "வா" என்று சொல்லும் ஒரு மூத்த மாணவன் போதும். ஒரு படிப்பு நின்றுபோகாமல் காக்கப்படும்.

பின்னர் கார்ட்டர் நீர்மூழ்கிக் கப்பல் பணிக்குச் சென்றார். பாம்ப்ரெட் என்னும் கப்பலில் பசிபிக் கடலில் இருந்தபோது, புயலிரவில் ஒரு பேரலை அவரை மேல்தளத்திலிருந்து வாரிச் சென்றது. பின்புறமிருந்த பீரங்கியின்மேல் போய் விழுந்து, அதைப் பற்றிக்கொண்டு உயிர் பிழைத்தார். அதன்பின் பணியாற்றிய கே-1 என்னும் கப்பல் பஹாமாஸ் தீவுத் துறைமுகத்தில் நின்றபோது, அங்கிருந்த பிரிட்டிஷ் அதிகாரிகள் கப்பலாரை விருந்துக்கு அழைத்தனர். கறுப்பின மாலுமி மட்டும் வரலாகாது என்றனர். அப்படியானால் நாங்கள் ஒருவரும் வரமாட்டோம் என்று கப்பலார் அனைவரும் விருந்தைப் புறக்கணித்தனர். ஒரே குழாயில் மூச்சு விட்டு, ஒரே ஆபத்தில் நீருக்கடியில் கிடப்பவர்களுக்கிடையே நிறத்தின் பெயரால் பந்தி பிரிக்க முடியாது என்பதை அவர் அங்கே கண்டார்.

அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல் திட்டத்தில் சேர அவர் விண்ணப்பித்தபோது, ரிக்கோவர் என்னும் கண்டிப்பான தலைவர் அவரை நேரில் கண்டு ஆராய்ந்தார். கல்லூரியில் எத்தனையாவது இடம் பெற்றீர் என்று கேட்டார். கார்ட்டர் பெருமையோடு சொன்னார். உம்மால் இயன்ற அனைத்தையும் செய்தீரா என்பது அடுத்த கேள்வி. உண்மை பேசி, எப்பொழுதும் அவ்வாறு செய்யவில்லை என்றார். ஏன் செய்யவில்லை என்று கேட்டுவிட்டு, ரிக்கோவர் நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். அக்கேள்வி கார்ட்டரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. எழுபது மதிப்பெண் பெற்றுவிட்டுத் "தேர்ச்சிதானே ஐயா" என்று சொல்லும் எம் மாணவர்களுக்கு இக்கேள்வியை நாம் அடிக்கடி நினைவூட்டுவதுண்டு.

1952 டிசம்பரில் கனடா நாட்டின் சாக் ரிவர் என்னுமிடத்தில் அணு உலை ஒன்று பழுதுற்றது. அதைப் பிரித்தெடுக்கச் சென்ற குழுக்களுள் ஒன்றுக்குக் கார்ட்டர் தலைவர். உலையின் மாதிரியொன்றை டென்னிஸ் மைதானத்தில் அமைத்து, எந்த மரையை எந்த நொடியில் கழற்றுவது என்று மீண்டும் மீண்டும் பழகினர். கதிர்வீச்சின் கடுமையால் ஒருவர் உள்ளே நிற்கக்கூடிய நேரம் தொண்ணூறு நொடிகளே. அதற்குள் இறங்கி, ஓரிரு மரைகளைக் கழற்றி, வெளியேறி, அடுத்தவரிடம் பணியை ஒப்படைக்க வேண்டும். சுமையை ஒருவர்மேல் ஏற்றாமல் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டால்தான் எவரும் மடியாமல் வேலை முடியும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இவ்வுரையின் முடிவில் நாம் இதற்கு மீண்டும் வருவோம்.

ஊர் திரும்பிய வீரர்

1953-இல் தந்தை புற்றுநோயால் மறைந்தார். கார்ட்டர் கடற்படையை விட்டு விலகி ஊருக்குத் திரும்பினார்; முதலில் அரசுக் குடியிருப்பு ஒன்றில் குடும்பத்தோடு வாழ்ந்து, நிலக்கடலை வாணிபத்தைத் தொடங்கினார். அக்காலத்தில் நிறவெறியைக் காப்பதற்கென வெள்ளையர் சங்கம் ஒன்று தென்மாநிலங்களெங்கும் பரவியது. அவ்வூரில் அதில் சேர மறுத்தவர் கார்ட்டர். உறுப்பினர் கட்டணத்தை நாங்களே செலுத்துகிறோம் என்றனர், அப்போதும் மறுத்தார். அவர் கடையில் சரக்கு வாங்காமல் ஊரார் புறக்கணித்தனர். 1965-இல் கறுப்பினத்தவரை வழிபாட்டுக்கு அனுமதிப்பதா என்று அவருடைய தேவாலயத்தில் வாக்கெடுப்பு நடந்தபோது, அனுமதிக்க வேண்டுமென்று கார்ட்டர் குடும்பத்தார் நின்றனர், தோற்றனர்.

அவர் குறையற்றவர் என்று நாம் சொல்ல வரவில்லை. 1970-இல் ஆளுநர் தேர்தலில், நிறப் பிரிவினையை விரும்பியோரின் வாக்குகளையும் நாடி அவர் பேசியது கண்டிக்கப்பட்டது, அக்கண்டனம் நியாயமானதே. வாக்கு வேண்டும்போது ஒன்றும், வென்றபின் வேறொன்றும் பேசுவோரை நாமும் கண்டிருக்கிறோம். ஆனால் 1971 ஜனவரியில் பதவியேற்ற அன்றே, நிற வேற்றுமைக்குரிய காலம் முடிந்துவிட்டது என்று வெளிப்படையாக அறிவித்தார். 1974-இல் மாநிலத் தலைமை மாளிகையில் மார்ட்டின் லூதர் கிங் அவர்களின் படத்தை மாட்டினார். பிறர் வென்றபின் வாக்குறுதியை மறப்பார்கள். இவர் வென்றபின் மனச்சான்றுக்குத் திரும்பினார்.

1977 முதல் 1981 வரை குடியரசுத் தலைவராயிருந்தார். 1978 ஜனவரியில் நம் நாட்டுக்கு வந்து, அரியானாவில் ஒரு சிற்றூரைக் கண்டு சென்றார். அவ்வூர் கார்ட்டர்புரி என்றே பெயர் மாற்றிக்கொண்டது. அவருக்கு முன்பே அவருடைய தாயார் லில்லியன் அம்மையார், அறுபத்தெட்டு வயதில், அமெரிக்கத் தொண்டர் படையின் சார்பில் பம்பாய்க்கு அருகே விக்ரோலியில் ஏழைத் தொழிலாளர்க்கும் தொழுநோயாளர்க்கும் செவிலியராகத் தொண்டு செய்திருக்கிறார். அடுத்த தேர்தலில் கார்ட்டர் தோற்றார். ஐம்பத்தாறாம் வயதில் மீண்டும் பிளெய்ன்ஸ் திரும்பினார். எஞ்சிய நாற்பத்துநான்கு ஆண்டுகளே அவருடைய வாழ்வின் சிறந்த பகுதி.

தண்ணீரும் நோயும்

நரம்புச் சிலந்தி என்னும் நோயைப் பற்றி இன்றைய இளைஞர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். மூத்தவர்கள் சமவெளியில் உள்ள உறவினர் வாயிலாக அறிந்திருக்கலாம். குட்டை நீரில் வாழும் நுண்ணிய நீர்ப்பூச்சியின் உடலில் இந்தப் புழுவின் குஞ்சு தங்கியிருக்கும். அந்நீரை வடிகட்டாமல் குடித்தவரின் உடலுக்குள் அது வளரும். ஏறத்தாழ ஓராண்டு கழித்து, மூன்றடி நீளம்வரை வளர்ந்த புழு, பெரும்பாலும் காலில் கொப்புளம் கட்டி, தோலைத் துளைத்து வெளிவரும். எரிச்சல் தாங்காமல் நோயாளி காலை நீரில் வைப்பார். வைத்தவுடன் புழு ஆயிரமாயிரம் குஞ்சுகளை அந்நீரில் விட்டுவிடும். அந்நீரையே ஊர் குடிக்கும். இதற்குத் தடுப்பூசி இல்லை. தீர்க்கும் மருந்தும் இல்லை. ஒரு குச்சியில் நாள்தோறும் சிறிது சிறிதாகச் சுற்றி, வாரக்கணக்கில் வெளியே இழுப்பதே வழி.

1986-இல் உலகில் ஏறத்தாழ முப்பத்தைந்து இலட்சம் பேர் இந்நோயால் துன்புற்றனர். அவ்வாண்டில்தான் கார்ட்டரின் தொண்டு நிறுவனம் இதை ஒழிக்கும் பணியை மேற்கொண்டது. பெரிய இயந்திரம் எதுவும் தேவைப்படவில்லை. நீரை வடிகட்ட ஒரு துணி. நம் ஊரில் கொசுப்புழுவை ஒழிக்கத் தொட்டிகளில் விடுகிறார்களே, அந்த அபேட் மருந்து. காலில் புண் உள்ளவர் குளத்தில் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் ஓர் ஊர்த் தொண்டர். ஆனால் அத்துணியை ஆயிரக்கணக்கான கிராமங்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோய், ஏன் வடிகட்ட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க வேண்டும். அது ஆசிரியரின் வேலை. 2023-இல் உலகம் முழுவதிலும் இந்நோய் கண்ட மனிதர் பதினான்கு பேரே. நம் நாட்டில் 1996-இல் கடைசி நோயாளி காணப்பட்டார். 2000-ஆம் ஆண்டில் இந்தியா இந்நோயிலிருந்து விடுபட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. தமிழகம் 1980-களிலேயே விடுபட்டது. இந்திய வெற்றி நம் நாட்டுச் சுகாதார ஊழியர்களின் உழைப்பு. ஆப்பிரிக்க வெற்றியில் கார்ட்டரின் பங்கு பெரிது. 2002-இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது நம் நெஞ்சம் 1927-ஆம் ஆண்டு மகாத் நகருக்குச் செல்லாமல் இராது. சவுதார் குளத்து நீரை அண்ணல் அம்பேத்கர் அவர்கள் கையால் அள்ளிக் குடித்தது, தாகம் தீர்வதற்காக மட்டுமன்று. மனித உரிமையை நிலைநாட்டுவதற்காக. பொதுக் கிணறு மறுக்கப்பட்ட மக்கள் குட்டை நீரைத்தான் குடிக்க நேர்ந்தது. குட்டை நீரைக் குடிப்போரையே இத்தகைய நோய்கள் முதலில் தேடிவரும். ஆகவே தீண்டாமை மனத்தை மட்டும் வருத்திய கொடுமையன்று. உடலிலும் நோயாக இறங்கிய கொடுமை. லயன் வீடுகளில் ஓடைத் தண்ணீரைக் குடத்தில் சுமந்த நம் தாய்மார்களுக்கு இதை யாரும் எடுத்துரைக்கத் தேவையில்லை.

நெடுநாள் நோய்

இனி அவருடைய நோய்க்கு வருவோம். கார்ட்டர் குடும்பத்தைப் புற்றுநோய் விடாமல் துரத்தியது. தந்தையைக் கொண்ட கணையப் புற்றுநோயே தங்கை ரூத்தை 1983-இலும், தம்பி பில்லியை 1988-இலும், மற்றொரு தங்கை குளோரியாவை 1990-இலும் கொண்டுபோயிற்று. உடன்பிறந்தார் நால்வரில் கார்ட்டர் ஒருவரே எஞ்சினார். அடுத்தது நமக்கோ என்ற எண்ணத்தோடு ஒருவர் வாழ்வதென்றால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

2015 ஆகஸ்டில், தொண்ணூறு வயதில், அவருக்கும் புற்றுநோய் வந்தது. தோலில் தோன்றும் கொடிய வகை. ஈரலில் அறுவை செய்தபின், மூளையிலும் நான்கு இடங்களில் பரவியிருப்பது தெரிந்தது. அவர் என்ன செய்தார்? செய்தியாளர்களை அழைத்து, நோய் இன்னது, இருக்குமிடம் இன்னது, செய்யப்போகும் சிகிச்சை இன்னது என்று பாடம் நடத்துவதுபோல் எடுத்துரைத்தார். அன்றே கதிர்ச் சிகிச்சை தொடங்கியது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆண்டாண்டாகச் செய்து வந்தபடியே, தம் ஊர்த் தேவாலயத்தில் மறைப்பாடம் நடத்தினார். உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்தொன்று அவருக்குப் பயன் தந்தது. ஆண்டின் இறுதியில் புற்றுக் கட்டிகள் மறைந்தன. அவ்வளவு விலையுயர்ந்த மருந்து நம்மவர்க்கு எளிதில் கிட்டாது என்பதையும் நாம் மறைக்கக்கூடாது. ஆனால் மருந்து கிட்டுமோ கிட்டாதோ என்று தெரியாத நாளிலேயே அவர் நோயை ஒளிக்காமல் சொன்னார். அதற்கு விலை இல்லை.

2019-இல் இடுப்பெலும்பு முறிந்தது. அவ்வாண்டு அக்டோபரில் மீண்டும் விழுந்து, நெற்றியில் பதினான்கு தையல் போடப்பட்டது. அன்று மாலையே வீடற்றோர்க்கு வீடு கட்டும் பணி நடந்த ஊருக்குப் போய்ச் சேர்ந்து, கட்டுப் போட்ட முகத்தோடு மறுநாள் வேலையில் இறங்கினார். அப்போது அவருக்கு வயது தொண்ணூற்றைந்து. 2006-இல் நம் நாட்டிலும், மகாராட்டிரத்தின் லோணாவளா அருகே, நூறு வீடுகள் கட்டும் பணியில் தொண்டர்களோடு அவர் உழைத்திருக்கிறார்.

2023 பிப்ரவரியில் இனி மருத்துவமனை வேண்டாம், வலியைத் தணிக்கும் சிகிச்சை மட்டும் வீட்டில் போதும் என்று முடிவு செய்து அதையும் உலகுக்கு அறிவித்தார். சில நாட்களே இருப்பார் என்று எல்லாரும் எண்ணினர். ஏறத்தாழ இருபத்திரண்டு மாதங்கள் இருந்தார். அக்காலத்திலே மனைவி ரோசலின் அம்மையாருக்கு மறதி நோய் என்பதையும் குடும்பத்தார் வெளிப்படையாகத் தெரிவித்தனர். நோயாளியைப் பேணுவோர்க்கும் உதவி வேண்டும் என்பதற்காக 1987-லேயே ஒரு நிறுவனம் அமைத்தவர் அவ்வம்மையார். எழுபத்தேழு ஆண்டு இல்லறத்தின்பின் 2023 நவம்பரில் அவர் மறைந்தபோது, போர்வை போர்த்திய உடலோடு சக்கர நாற்காலியில் வந்து கார்ட்டர் விடைகொடுத்தார். 2024 அக்டோபரில் நூறு வயது நிறைந்தது. அதே மாதம் அஞ்சல் வழியாகத் தம் வாக்கை அளித்தார். டிசம்பர் 29-ஆம் நாள், 1961-இல் கட்டிய அதே எளிய வீட்டில் உயிர் நீத்தார். வாஷிங்டனில் கடற்படை நினைவிடத்தின் அருகே அவருடைய பேழை குதிரை வண்டியில் ஏற்றப்பட்டது. வாழ்வு தொடங்கிய படையை இறுதிப் பயணமும் தொட்டுச் சென்றது.

நம்முடைய தவறு

இங்கே நம்முடைய தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் படித்த மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள் வரமாட்டாள். வந்தாலும் தாமதம். ஒருநாள் காலை வழிபாட்டில், எல்லார் முன்னிலையிலும் அவளை நிறுத்திக் கடிந்துகொண்டோம். அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. அதன்பின் ஒரு வாரம் முழுவதும் வரவில்லை.

ஆசிரியை ஒருவரை உடன் அழைத்துக்கொண்டு லயன் வீட்டுக்குச் சென்றோம். உள்ளே இருட்டு; மருந்து வாடை. தந்தை கம்பளியால் காலை மூடிக்கொண்டு படுத்திருந்தார். எம்மைக் கண்டதும் எழ முயன்றார், முடியவில்லை. சர்க்கரை நோயால் காலில் ஏற்பட்ட புண்ணை மாதக்கணக்கில் மறைத்திருக்கிறார். தெரிந்தால் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள், வீடும் போய்விடும் என்ற அச்சம். அண்டை வீட்டாரும் அருவருப்பார்கள் என்ற வெட்கம். தாய் விடிந்ததும் கொழுந்து பறிக்கப் போய்விடுவாள். புண்ணைக் கழுவுவதும், தண்ணீர் எடுப்பதும், சோறு ஆக்குவதும் அந்தச் சிறுமி. "சார், நீங்கள் பாப்பாவைத் திட்டாதீர்கள்; தப்பு என்னுடையது" என்றார் அவர். எமக்குத் தலை நிமிரவில்லை. மருத்துவமனையில் சேர்த்தபோது காலம் கடந்திருந்தது; முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க நேர்ந்தது. மாணவி ஓராண்டை இழந்து, பிறகு வந்து சேர்ந்து படித்தாள். இழந்த அந்த ஓராண்டை நம்மால் திருப்பித் தர இயலவில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே கோடிட்ட நாம், ஏன் வரவில்லை என்று ஒருமுறையேனும் தனியே கேட்டிருக்கலாம்.

நல்ல நீரும் நல்ல குடியிருப்பும் மறுக்கப்பட்ட மக்களுக்கு நோய் மிகுதி. நோயையும் ஒரு தீட்டாக எண்ணி ஒளித்துக்கொள்ளும் பழக்கமும் அதனாலேயே மிகுதி. நம்மைத் தொடாதே என்று சொன்ன சமுதாயத்தை எதிர்த்துப் போராடிய நாம், நம் வீட்டு நோயாளியை உள்ளறையில் ஒதுக்கி வைக்கலாமா?

திருக்குறளில் 'மருந்து' என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவர், மருந்து ஆகிய மூன்றோடு நில்லாமல், அருகிருந்து பேணுபவரையும் நான்காவது கூறாக வள்ளுவர் சேர்த்திருக்கிறார். அந்த நான்காவது கூறு நம் வீடுகளில் பெரும்பாலும் ஒரு பெண்குழந்தை. அவளுடைய படிப்புதான் அந்த நோய்க்கு நாம் கொடுக்கும் விலை.

அண்ணல் அம்பேத்கர் அவர்களையும் எண்ணிப் பாருங்கள். சர்க்கரை நோயும் நரம்பு வலியும் அவரை ஆண்டுக்கணக்கில் வாட்டின. அந்த உடலோடுதான் அரசியலமைப்புப் பணியை நிறைவேற்றினார்; அந்த உடலோடுதான் புத்தரைப் பற்றிய தம் பெருநூலை எழுதி முடித்துவிட்டு 1956 டிசம்பரில் கண்மூடினார். நோயுற்றவர் பயனற்றவர் என்று எவரேனும் கூறினால், அண்ணலின் பெயரைச் சொல்லி மறுத்துரையுங்கள்.

நாம் செய்யத்தக்கவை

வெறும் புகழுரையோடு கலைந்து செல்வது நம் வழக்கமன்று. ஆகவே மூன்று செய்திகளை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, நோயை மறைக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கு வருகின்றன. படுக்கையில் கிடப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும், நோய் ஆதரவுச் சிகிச்சையும் அதில் உண்டு. உதகையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டுள்ளது. முன்னாள் படைவீரர்க்கும் குடும்பத்தார்க்கும் 2003 முதல் தனி மருத்துவத் திட்டம் நடக்கிறது. இவற்றைக் கேட்டுப் பெறுவது இரத்தல் அன்று, உரிமை. விண்ணப்பம் எழுதத் தெரியாத பெரியவர்க்கு எழுதிக்கொடுப்பது, படித்த உங்கள் கடமை.

இரண்டாவது, பேணும் சுமையை ஒரு குழந்தையின்மேல் ஏற்றாதீர்கள். சாக் ரிவரில் நடந்ததை முன்னர் நினைவில் வைக்கச் சொன்னோம். தொண்ணூறு நொடிகள் ஒருவர், அடுத்த தொண்ணூறு நொடிகள் மற்றொருவர் என்று பகிர்ந்ததால்தான் அவ்வேலை முடிந்தது. நம் சங்கத்து இளைஞர்கள் ஒவ்வொரு குடியிருப்பிலும் நெடுநாள் நோயாளிகள் யார் யார் என்று ஒரு பதிவேடு எழுதட்டும். வாரத்தில் ஒருநாள், இரண்டு மணி நேரம், முறை வைத்து ஒரு வீட்டுக்குச் செல்லட்டும். அந்த இரண்டு மணி நேரத்தில் அவ்வீட்டுப் பெண் புத்தகத்தைத் திறப்பாள்.

மூன்றாவது, நோயாளிக்குப் பணி கொடுங்கள். கட்டிலில் கிடக்கும் முன்னாள் மாலுமிக்கு உலகப் படம் தெரியும். நம் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லித்தர இயலும். கொழுந்து பறித்த பாட்டிக்கு இந்த லயன்கள் எழுந்த கதை தெரியும். அதை ஒருவர் எழுதிக்கொண்டால் நம் வரலாறாகும். நம் மாலைநேரப் பாடசாலை வாரத்தில் ஒருநாள் அந்தக் கட்டிலருகே நடக்கட்டும். கேட்க ஆள் இருக்கிறது என்றால் பேச மூச்சு வரும்.

அன்பர்களே! வாயிலில் எம்மைக் கேட்ட தம்பிக்கு இப்போது விடை கூறுகிறோம். அந்த வெள்ளைக்காரருக்கு நம் புகழ்மாலை தேவையில்லை. அவருடைய வாழ்வைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் நீங்கள், இன்றிரவு உள்ளறைக் கட்டிலருகே சற்றே அமர்ந்து, "தாத்தா, இன்று எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை எழாமல் இருந்தால், நாம் இவ்வளவு நேரம் பேசியது வீணாகாது.